ஒன்பதாவது வளைவு

சொன்னால் ஒருவருடைய நிம்மதி குலைந்துவிடும் என்று தெரிந்தும், உண்மையைச் சொல்லத்தான் வேண்டுமா?

இந்தக் கேள்வியைக் கொர்சின் துவேனா எங்கள் ஊர் விடுதியில், ஒரு ஜூன் மாத மாலையில் கேட்டார். அவர் முன்னால் பார்லி சூப் ஆறிக்கொண்டிருந்தது. மேசையைச் சுற்றி ஐந்தாறு பேர் இருந்தோம். அவர் சூப்பைத் தொடாமலே எழுந்து, தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு நடந்ததை ஆளுக்கு ஒரு விதமாகச் சொல்கிறார்கள். நடந்தது நடந்தபடியே ஒரு இடத்தில் இருக்கட்டும் என்று இதை எழுதுகிறேன்.

கொர்சின் சர்மேடா கணவாய்ச் சாலையின் பராமரிப்பு ஆள். எங்கள் பிரதாவல் கிராமத்துப் பாலத்தில் ஆரம்பித்து, வளைந்து வளைந்து ஏறி, மலையின் முதுகைத் தாண்டி, தெற்குப் பள்ளத்தாக்கில் இறங்கும் சாலை அது. கோடையில் உலகமே அதைப் பார்க்க வரும். கார், மோட்டார் சைக்கிள், சைக்கிள், பழைய டிராக்டரில் கூட வருவார்கள். வந்து வளைவின் நடுவிலேயே வண்டியை நிறுத்திப் படம் எடுப்பார்கள். "எந்த இடத்திலிருந்து பார்த்தால் நன்றாகத் தெரியும்?" என்று கொர்சினைக் கேட்காத ஆள் இல்லை. "வண்டிய ஓரமா விட்டுட்டுப் பாத்தா எல்லா எடத்துலேர்ந்தும் நல்லாத் தெரியும்" என்பது அவருடைய பதில். அதைச் சிரிக்காமல் சொல்வார். அகலமான தோள், கொஞ்சம் காது மந்தம், ஆரஞ்சு நிறச் சட்டை. பேச்சு குறைவு. அப்பாவின் மாடுகளை அண்ணன் எடுத்துக்கொண்டதால், இருபத்திரண்டு வயதில் சாலை வேலைக்கு வந்தவர். வேறு எந்த மலைக்கும் போய் அவர் ஊர் பார்த்ததில்லை. "நம்ம ரோட்டையே இன்னும் முழுசாப் பாத்து முடியல" என்பார்.

சாலையை அவர் பார்த்த விதம் வேறு. வருகிறவர்களுக்கு அது மலையோடு சேர்ந்து முளைத்த மாதிரித் தெரியும். அவருக்கு அது வருஷத்துக்கு ஒரு முறை படுக்க வைத்து, ஒரு முறை எழுப்பி நிறுத்த வேண்டிய ஒன்று. அக்டோபர் வந்தால் ஓரத்துத் தடுப்புக் கம்பிகளையெல்லாம் தளர்த்தி, தூண்களைக் கழற்றி, தரையோடு தரையாகக் கிடத்திவிட வேண்டும். நிற்க விட்டால் பனிச்சரிவு வந்து வேரோடு பிடுங்கிக்கொண்டு போகும். படுத்துக் கிடந்தால் பனி அதன் மேலே வழுக்கிப் போய்விடும். அறிவிப்புப் பலகை, வளைவுக் கண்ணாடி, குப்பைத் தொட்டி எல்லாம் கொட்டகைக்குள் போகும். மே மாதக் கடைசியில் பனியை வெட்டிச் சாலையைத் திறந்ததும், ஒவ்வொன்றையும் அதன் இடத்தில் திரும்ப நிறுத்த வேண்டும். அதனால் ஒவ்வொரு சாமானின் முதுகிலும் அது எந்த வளைவுக்குச் சொந்தமோ அந்த எண் பெயிண்டில் இருக்கும்.

வளைவுகள் மொத்தம் இருபத்திரண்டு. அவற்றை எண்ணுவதில்தான் சங்கதி இருக்கிறது. கீழ்ப் பாதியைப் பிரதாவல் ஆட்கள் பார்த்துக்கொண்டார்கள். பாலத்திலிருந்து மேல்நோக்கி ஒன்று, இரண்டு என்று எண்ணினார்கள். மேல் பாதியைக் கணவாயின் உச்சியில் இருந்த சாலை வீட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் தெற்குப் பள்ளத்தாக்கு ஆட்கள். உச்சியிலிருந்து கீழ்நோக்கி எண்ணினார்கள். ஆகவே சாலையில் இரண்டு மூன்றாவது வளைவு, இரண்டு ஏழாவது வளைவு, இரண்டு ஒன்பதாவது வளைவு. அதனால் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை. மேல் கொட்டகையில் இருக்கும் சாமானுக்கு மேல் எண், கீழ்க் கொட்டகையில் இருப்பதற்குக் கீழ் எண். அவ்வளவுதான்.

உச்சி வீட்டின் கடைசி ஆள் ரொமெரியோ. அவர் ஓய்வு பெற்றதும் அந்த வீட்டை மூடி, இந்தப் பக்கத்துச் சாலை முழுவதையும் கொர்சினிடம் ஒப்படைத்தார்கள். அது பதினோரு வருஷத்துக்கு முந்திய வசந்தம். ரொமெரியோ சாவியைக் கொடுக்கக் கீழே வந்தபோது கொர்சின் ஊரில் இல்லை. சாவிக் கொத்தைக் கீழ்க் கொட்டகையின் ஆணியில் மாட்டிவிட்டு, தன் வண்டியில் கொண்டுவந்த ஒரு மரச் சிலுவையையும் சுவரோரம் சாய்த்துவிட்டுப் போனார். இடுப்பு உயரம். பனிக்காலத்தில் சாலையோரத்தை அடையாளம் காட்ட நடும் கழியின் மரத்தில் செய்தது. குறுக்குக் கட்டையில் 'இவோ வெல்டி' என்று பெயர். முதுகில் 9.

இவோ வெல்டி யார் என்று கொர்சினுக்குத் தெரியும். முந்திய இலையுதிர் காலத்தில், சாலையை மூடுவதற்கு முதல் நாள், சைக்கிளில் இறங்கி வந்த பையன். சமவெளி ஊர்க்காரன், பத்தொன்பது வயது. சாலையில் உறைபனி இருந்தது; சறுக்கி விழுந்து இறந்துபோனான். மீட்பு வண்டி தெற்குப் பக்கமிருந்து வந்து, தெற்குப் பக்கமே கொண்டுபோனது. அன்று இரவே பனி கொட்டிச் சாலை மூடிக்கொண்டது. எங்கள் பக்கத்து ஆள் யாரும் அந்த இடத்தைப் பார்க்கவில்லை. போலீஸ் அறிக்கையிலும் 'வடபுறம், ஒன்பதாவது வளைவு' என்றுதான் இருந்ததாம்.

கொர்சின் அந்த ஜூனில் தடுப்புக் கம்பிகளை எல்லாம் நிறுத்திவிட்டு, சிலுவையையும் கொண்டுபோய் ஒன்பதாவது வளைவில் நட்டார். பாலத்திலிருந்து ஒன்பதாவது. கீழ்க் கொட்டகையில் இருந்த பொருளுக்குக் கீழ் எண். யோசிக்கவே இல்லை. அவர் இடத்தில் எங்கள் ஊர் ஆள் யார் இருந்தாலும் யோசித்திருக்க மாட்டார்கள்.

அந்த வளைவு நல்ல இடம். சாலை அங்கே மூக்கு மாதிரி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். கீழே பச்சைத் தண்ணீர் ஏரி, எதிரே பனிமலை, சரிவெங்கும் புல். மாட்டு மணிச் சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும்.

சிலுவையை நட்ட சில வாரத்தில் பையனின் அம்மா மஞ்சள் நிறத் தபால் பஸ்ஸில் வந்து இறங்கினார். ரோஸ்மாரி வெல்டி. சின்ன உருவம், நரைத்த குட்டை முடி, முதுகுப் பை. கொர்சின் அங்கே கண்ணாடித் தூணை இறுக்கிக்கொண்டிருந்தார். அம்மா சிலுவையைப் பார்த்தார். பிறகு ஏரியைப் பார்த்தார். திரும்பாமலே கேட்டார்.

"கடைசியா அவன் இதைத்தான் பாத்திருப்பான், இல்லையா?"

"ஆமாம்மா" என்றார் கொர்சின்.

"நான் இருட்டான ஒரு இடமா நினைச்சு நினைச்சுப் பயந்துட்டிருந்தேன். இவ்வளவு வெளிச்சமா இருக்கே."

அதற்குப் பிறகு வருஷா வருஷம், சாலை திறந்ததும் வந்துவிடுவார். டிரைவரிடம் சொல்லி அந்த வளைவில் இறங்கி, சிலுவைக்குப் பக்கத்தில் புல்லில் உட்கார்ந்து, பிளாஸ்க்கைத் திறந்து காப்பி குடித்தபடி, தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருப்பார். அக்கம்பக்கத்துச் செய்திகள்தான்: யார் வீட்டுப் பூனை குட்டி போட்டது, இவோவின் சிநேகிதன் எவனுக்குக் கல்யாணம். மாலை பஸ்ஸில் இறங்கிப் போவார். போகும்போது கொர்சினின் மனைவி மெங்கியாவிடம் ஒரு துண்டு வால்நட் கேக் வாங்கிக்கொள்வார். கணவர் எர்வின் ஒருமுறை கூட வந்ததில்லை. "அவருக்கு முடியல. என்கிட்டக் கூட அவன் பேரைச் சொல்ல மாட்டார்" என்று அம்மா ஒருமுறை சொன்னதோடு சரி.

இந்த வருஷம் ஏப்ரலில் போன் வந்தது.

"கொர்சின், எர்வின் போயிட்டார்."

"ஐயோ. எப்பம்மா?"

"பிப்ரவரியில. கடைசி வாரத்துல வாயைத் திறந்து ஒண்ணே ஒண்ணு கேட்டார். பையன் கிடந்த எடத்துல தன்னையும் போடச் சொல்லி. பதினோரு வருஷம் வராத மனுஷன்! சாம்பலை எடுத்துட்டு வரேன். ரோடு திறந்ததும் சொல்லுங்க."

கொர்சின் சொல்வதாகச் சொன்னார்.

ஜூன் மாதத்தில், அம்மா வருவதற்கு எட்டு நாள் முன்னால், ரொமெரியோ வந்தார். எழுபத்தைந்தைத் தாண்டிவிட்டார். ஓய்வுக்குப் பிறகு வடபக்கம் அவர் இறங்கியதே இல்லை. பிரதாவலில் யாரோ இறந்துபோனதற்கு முந்தின நாள் இருட்டில் வந்துவிட்டு, தெற்கே திரும்பிப் போக பஸ்ஸுக்குக் காத்திருந்தவரைக் கொர்சின் தன் வண்டியில் ஏற்றிக்கொண்டார். கிழவர் ஏறின நேரத்திலிருந்து குறைதான்.

"இந்தக் கல்லை இப்படியா வைக்கிறது? எங்க காலத்துல இப்படி வச்சா சாப்பாட்டைப் புடுங்கிடுவாங்க."

"உங்க காலத்துல வருஷத்துக்கு நாப்பது வண்டி வந்துச்சு. இப்ப நாப்பது நிமிஷத்துக்கு நாப்பது வருது. பேசாம வாங்கண்ணே."

"கண்ணாடி அழுக்கா இருக்கு."

"உங்க கண்ணாடிதான் அழுக்கா இருக்கு. தொடைச்சிப் போடுங்க."

ஒன்பதாவது வளைவில் ரொமெரியோ கையைத் தூக்கினார். கொர்சின் வண்டியை நிறுத்தினார். கிழவர் ஜன்னல் வழியாகச் சிலுவையையே பார்த்தார்.

"ஏன்டா இதை இங்க நட்டு வச்சிருக்க?"

"எதை?"

"நான் செஞ்ச சிலுவைய. ஒம்பதுன்னு எழுதியிருந்தேனே."

"ஒம்பதுதானே இது."

ரொமெரியோ அவரைத் திரும்பிப் பார்த்தார். முதலில் கிண்டல் பண்ணப்போகிற முகம்தான் வந்தது. பிறகு அது அப்படியே நின்றுவிட்டது.

"என் ஒம்பதுடா" என்றார். "மேலேர்ந்து ஒம்பது. அந்தக் கறுப்புப் பாறை இடுக்கு. நான்தானே அவனைப் பாத்தேன்."

பஸ் ஒன்று பின்னால் வந்து நின்று ஹார்ன் அடித்தது. கொர்சினுக்கு அது கேட்டதாகத் தெரியவில்லை. ரொமெரியோதான் அவர் தோளைத் தட்டினார்.

அன்று வீட்டில் மெங்கியா விஷயத்தைக் கேட்டுவிட்டு, கையில் இருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"நீ என்ன பாதிரியாரா? அந்த அம்மா வந்து உன்கிட்ட உண்மையைச் சொல்லுன்னு கேட்டாங்களா?"

"கேக்கல."

"அப்புறம் என்ன? பதினோரு வருஷமா அவங்களுக்குன்னு ஒரு எடம் இருக்கு. பாதி உசுரு அங்கதான் இருக்கு. அதைப் போய் எதுக்குப் புடுங்குற?"

"சாம்பலைக் கொண்டுவராங்க மெங்கியா."

"கொண்டுவரட்டும். சாம்பலுக்கு எந்த வளைவா இருந்தா என்ன?"

"அவரு கேட்டது பையன் கிடந்த எடம். ஏரி தெரியிற எடமில்ல. போட்ட பெறகு அள்ளவா முடியும்?"

"உன் மனசு லேசாகணும்னு அவங்க மனசைக் கனமாக்காத. அவ்வளவுதான் சொல்லுவேன்."

அது அவரைக் குத்தியது. அப்படியும் இருக்குமோ என்று நினைத்தார். தான் செய்த தப்பைத் தூக்கிச் சுமக்க முடியாமல், அதை இன்னொருவர் மடியில் இறக்கி வைக்கத்தான் பார்க்கிறோமோ? மறுநாள்தான் விடுதியில் எங்களிடம் அந்தக் கேள்வியைக் கேட்டார். அவர் எழுந்து போனதும், கூட வேலை பார்க்கும் தூரி பின்னாலேயே போய் வாசலில் பிடித்துக்கொண்டான்.

"இதுக்கு ஏன்ணே மண்டைய உடைச்சிக்கிறீங்க? ரோடு சரிஞ்சிருச்சும்மா, அதனால சிலுவைய மேல மாத்திட்டோம்னு சொல்லிடுங்க. சாம்பல் சரியான எடத்துல போயிடும். அவங்களுக்கும் ஒண்ணும் தெரியாது. ரோடு சரியிறது நம்ம ஊருல அதிசயமா?"

கொர்சின் யோசித்துப் பார்த்தார். நல்ல பொய்தான். யாரும் நம்புவார்கள்.

"அப்புறம் அவங்க அந்த இடுக்குல நின்னுக்கிட்டு, பையன் கீழ இருக்கான், புருஷனைத் தெரியாத எடத்துல போட்டுட்டேனேன்னு நெனப்பாங்க" என்றார். "வேணாம்டா தூரி."

போனில் சொல்லிவிடலாம் என்று ஒரு தடவை எண்களை அழுத்தினார். மணி அடித்தது. வைத்துவிட்டார்.

அம்மா வந்த நாள் வெயில் நன்றாக இருந்தது. கொர்சின் முன்னதாகவே வளைவில் போய் நின்றார். பஸ் நின்றது. அம்மா இறங்கினார். பையை முதுகில் போடாமல் முன்னால் அணைத்துப் பிடித்திருந்தார்.

"நீங்களே வந்துட்டீங்களா? நல்லதாப் போச்சு. எர்வின் கூச்சப்படுவார். தெரிஞ்ச ஆள் பக்கத்துல இருந்தா தேவலை."

"பையைத் திறக்காதீங்கம்மா."

"என்ன?"

"இது அந்த எடமில்ல."

அம்மாவுக்குப் புரியவில்லை. கொர்சின் சொல்லத் தயார்செய்து வைத்திருந்ததெல்லாம் மறந்துபோனது. பாலத்தைக் காட்டினார், உச்சியைக் காட்டினார், கொட்டகை, எண், சாவிக் கொத்து என்று முன்னும் பின்னுமாகச் சொன்னார். அம்மா பையைக் கீழே வைக்காமல் நின்று கேட்டார்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"எட்டு நாள் முன்னாடி."

"போன் பண்ணியிருக்கலாமே."

"பண்ணினேன். நீங்க எடுக்கறதுக்குள்ள வச்சிட்டேன்."

"முதல் வருஷம் உங்ககிட்டக் கேட்டேன். கடைசியா இதைத்தான் பாத்திருப்பானான்னு. ஆமான்னு சொன்னீங்க."

"சொன்னேன்."

"தெரிஞ்சா சொன்னீங்க?"

"இல்லம்மா. அப்ப இல்லன்னு சொல்ல எனக்கு வாய் வரல."

அம்மா சிலுவையைப் பார்க்கவில்லை. ஏரியையும் பார்க்கவில்லை. "அங்க கூட்டிட்டுப் போங்க" என்றார்.

மேல் ஒன்பதாவது வளைவு ஒரு பாறை இடுக்குக்குள் போய்த் திரும்புகிறது. வெயில் அங்கே எட்டுவதில்லை. ஓரத்தில் பழைய பனி சாம்பல் நிறத்தில் அழுக்காகக் கிடந்தது. கறுப்புப் பாறையில் தண்ணீர் வடிந்துகொண்டே இருந்தது. எதிரே பார்த்தால் இன்னொரு பாறை. படம் எடுக்கிறவர்கள் யாரும் அங்கே நிறுத்துவதில்லை. அம்மா வண்டியை விட்டு இறங்கி நடந்து போய், பாறையில் உள்ளங்கையை வைத்தார். எடுத்தபோது கை நனைந்திருந்தது.

"இங்க ஒண்ணுமே இல்லையே" என்றார்.

கொர்சின் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"யார் அவனைப் பாத்தது?"

"ரொமெரியோன்னு ஒருத்தர். அப்ப மேல வேலையில இருந்தார். இப்பத் தெற்கே கொம்பாச்சோ கிராமத்துல இருக்கார். கோயிலுக்குப் பின்னாடி வீடு."

அம்மா தலையசைத்தார். "என்னைக் கீழ கொண்டு விடுங்க."

பையைத் திறக்காமலே, மடியில் வைத்துக்கொண்டு திரும்பிப் போனார். அன்று மெங்கியாவிடம் கேக் வாங்கவில்லை. மெங்கியா ஜன்னல் வழியாக அவர் பஸ்ஸில் ஏறுவதைப் பார்த்துவிட்டு, கணவரிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது கொர்சினுக்கு.

அந்தக் கோடை அவருக்கு நீளமாக இருந்தது. சிலுவையை என்ன செய்வதென்று தெரியவில்லை. பிடுங்கவும் கை வரவில்லை, மேலே கொண்டுபோய் நடவும் உரிமை இருப்பதாகத் தோன்றவில்லை. ஒருநாள் அதன் பக்கத்தில் கம்பியைச் சரிசெய்துகொண்டிருந்தபோது, வெளியூர்ப் பெண் ஒருத்தி, "கொஞ்சம் தள்ளி நின்னுக்கிறீங்களா? சிலுவையும் ஏரியும் சேர்ந்து வரணும்" என்றாள். தள்ளி நின்றார். அவள் படத்தைப் பார்த்துவிட்டு, "எவ்வளவு அமைதியான இடம்" என்றாள். கொர்சின் ஸ்பேனரைப் போட்டுத் திருகு ஆணியை இறுக்கிக்கொண்டே இருந்தார். அது ஏற்கெனவே இறுகித்தான் இருந்தது.

அம்மாவிடமிருந்து போன் வரவில்லை. இவரும் செய்யவில்லை. அந்த மனுஷியின் ஒரே ஆறுதலையும் பறித்துவிட்டோம், சாம்பல் ஏதோ ஒரு அலமாரியில் கிடக்கிறது என்று நினைத்துக்கொண்டே திரிந்தார். விடுதிக்கு வருவதை நிறுத்திவிட்டார்.

அக்டோபர் வந்தது. காலையில் சாலையோரப் புல் வெள்ளையாக இருந்தது. கொர்சினும் தூரியும் மேலிருந்து கம்பிகளைத் தளர்த்திக்கொண்டே இறங்கி, அந்தப் பாறை இடுக்குக்கு வந்திருந்தார்கள். தெற்கேயிருந்து கணவாயைத் தாண்டி வந்த பஸ் அங்கே நின்றது. முதலில் ஒரு கைத்தடி இறங்கியது, பிறகு ரொமெரியோ. அவருக்குப் பின்னால், பையை முன்னால் அணைத்தபடி, வெல்டி அம்மா.

"பாத்தியா?" என்றார் ரொமெரியோ. "மேலேர்ந்து வந்தா சரியான ஒம்பதுலதான் இறங்குவோம்."

கொர்சினுக்குச் சிரிப்பு வரவில்லை. அம்மா அவரிடம் வந்தார்.

"ரெண்டு நாளா இவர் வீட்லதான் இருக்கேன். இவர் சொன்னதை எல்லாம் கேட்டேன். இங்க வச்சு ஒரு தடவை சொல்லச் சொல்லித்தான் கூட்டிட்டு வந்தேன். நீங்களும் கேளுங்க."

ரொமெரியோ கைத்தடியால் சாலையின் உள்ளோரத்தைக் காட்டினார். கிண்டல் குரல் போய், வேலைக்காரக் குரல் வந்துவிட்டது.

"இங்க. தலை பாறைப் பக்கம். சைக்கிள் அந்தப் பள்ளத்துல. நான் கம்பியைக் கழட்டிட்டு வரப்ப பாத்தேன். மூச்சு இருந்துச்சு. கண்ணத் திறக்கல. கோட்டைக் கழட்டிப் போத்தினேன். போன்ல சொல்லிட்டேன். வண்டி வர நேரமாகும்னு தெரியும். பக்கத்துல உக்காந்துட்டேன்."

"உக்காந்து?" என்றார் அம்மா. பதில் தெரிந்தே கேட்டார்.

"பேசிட்டிருந்தேன். மனுஷன் கிடக்கும்போது பேசாம எப்படி இருக்கிறது?"

"என்ன பேசினீங்க?"

"ரோட்டப் பத்தித்தான். இதுக்கு அடுத்த வளைவு எப்படித் திரும்பும், எங்க வேகத்தைக் குறைக்கணும், கீழ பாலம் எங்க வரும்னு. எனக்கு வேற என்ன தெரியும்? கைய மட்டும் விடல. ஏழெட்டு வளைவு சொல்லியிருப்பேன். அப்புறம் மூச்சு நின்னுபோச்சு. அதுக்கப்புறமும் மிச்சத்தைச் சொல்லி முடிச்சேன். பாதியில விட மனசு வரல."

தூரி திரும்பிக்கொண்டு கம்பிச் சுருளைப் பார்த்தபடி நின்றான்.

"அவன் தனியாக் கிடந்து செத்தான்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றார் அம்மா. "அதனாலதான் ஏரியைப் பாத்தானேன்னு அவ்வளவு சந்தோஷப்பட்டேன். யாரும் இல்லன்னாலும் ஏரியாவது இருந்துச்சேன்னு."

"போலீஸ்காரங்ககிட்ட எல்லாம் சொன்னேன்" என்றார் ரொமெரியோ. "அவங்க நேரத்தை மட்டும் எழுதிக்கிட்டாங்க. வீட்டு ஆளுங்க யாரும் என்கிட்ட வரல. வராதவங்ககிட்ட நானாப் போய்ச் சொல்றது எப்படின்னு இருந்துட்டேன்."

அம்மா பையைத் திறந்தார். கலசத்தை எடுத்து, பாறையை ஒட்டி, சாம்பலை மெதுவாகக் கொட்டினார். கீழ் வளைவாக இருந்திருந்தால் காற்று அள்ளிக்கொண்டு போயிருக்கும். இங்கே ஈரப் பாறையில் அது அப்படியே ஒட்டிக்கொண்டது. "எர்வின்" என்று மட்டும் சொன்னார். பிறகு கைகளை வடிகிற தண்ணீரில் கழுவிக்கொண்டார்.

"சிலுவையை இங்க மாத்திடுங்க, கொர்சின்."

"வசந்தத்துல வச்சிடறேன்மா. இன்னிக்கே பிடுங்கி, மேல் கொட்டகையில போடறேன்."

"நம்பரை அழிச்சிட்டுப் போடு" என்றார் ரொமெரியோ. "இல்லன்னா அடுத்த வருஷம் பாலத்துக்கு அடியில நட்டுடுவ."

எல்லோரையும் ஏற்றிக்கொண்டு கொர்சின் இறங்கினார். கீழ் ஒன்பதாவது வளைவில் சிலுவையைப் பிடுங்கியபோது அம்மாவும் இறங்கி, வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்கார்ந்தார். புல் மஞ்சளாகிவிட்டது. மாடுகள் முன்பே கீழே போய்விட்டன. ஏரி மட்டும் அதே பச்சை.

"உங்களைத் திட்டணும்னு கோவம் இருந்துச்சு, அதனாலதான் போன் பண்ணாம இருந்தேன்" என்றார். "பண்ணா திட்டிடுவேன்னு."

"திட்டுங்கம்மா."

"இப்ப வரல." ஏரியைப் பார்த்தார். "ஆனா ஒண்ணு. இத்தனை வருஷம் இங்க உக்காந்து எவ்வளவு பேசியிருக்கேன். அதெல்லாம் யாருக்குப் போச்சு?"

ரொமெரியோ வண்டிக்குள்ளிருந்து தலையை நீட்டினார்.

"சத்தம் மேலதான் ஏறும். இங்க பஸ் ஹார்ன் அடிச்சா மேல அந்த இடுக்குல எங்களுக்கு நல்லாக் கேக்கும்."

"பேச்சு கேக்குமா?"

கிழவர் யோசித்தார். அம்மாவின் முகத்தைப் பார்த்தார். ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிடலாம்தான்.

"பேச்சு கேக்காது" என்றார். "ஹார்ன்தான் கேக்கும்."

அம்மா சிரித்துவிட்டார். சிரிப்பு நடுவில் அழுகையாக மாறி, மறுபடி சிரிப்பாயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்ப ஹார்னாவது அடிங்க, கொர்சின்" என்றார்.

கொர்சின் சிலுவையை வண்டியின் பின்னால் படுக்க வைத்துவிட்டு, முன்னால் ஏறி உட்கார்ந்து, ஹார்னை அழுத்தினார். வெகுநேரம் கையை எடுக்கவில்லை. காது மந்தமான அந்த மனுஷனுக்கே கேட்கும்படி அது பாறைக்குப் பாறை மோதி மேலே ஏறிப் போனது.

இதைப் படித்தவர்களிடம் ஒன்று கேட்கிறேன். சொல்வதா வேண்டாமா என்று ஒரு உண்மையைத் தொண்டையில் வைத்துக்கொண்டு சூப்பை ஆறவிடுகிற யாரையாவது நீங்கள் பார்த்தால், அவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லுங்கள். ஊர்ப் பெயரும் கணவாய்ப் பெயரும் மறந்துபோனால் பரவாயில்லை. எந்த ஒன்பது மேலே, எந்த ஒன்பது கீழே என்பதை மட்டும் மாற்றிச் சொல்லிவிடாதீர்கள்.